நடுவில் சுவர் வைத்துக் கட்டிய தேவாலயம்... 1872-ல் எழுந்த வடக்கன்குளம் கோயில், இன்றைய எஸ்.சி. பட்டியல் விவாதத்துக்கு ஏன் முக்கியம்?

திருவண்ணாமலை மாவட்டம் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமம். அங்கே காலனியில் அண்ணன், தம்பி இரண்டு பேர் அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர். தம்பி ஞானஸ்நானம் வாங்கி சர்ச்சுக்குப் போகிறவர். டீக்கடையிலும் ஊர்த்தெருவிலும் இரண்டு பேரையும் எல்லோரும் ஒரே மாதிரிதான் பார்ப்பார்கள். சாதிச் சான்றிதழில் மட்டும் இரண்டு பேரும் வேறு வேறு.

கீழ்பென்னாத்தூர் பொதுத் தொகுதி. அதே மாவட்டத்தில் செங்கமும் வந்தவாசியும் தனித் தொகுதிகள். அண்ணன் அங்கே போய்ப் போட்டியிடலாம், தம்பியால் முடியாது. வன்கொடுமை தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அண்ணனுக்கு உண்டு, தம்பிக்குக் கிடையாது. கிறிஸ்தவத்துக்கு மாறிய பட்டியல் சாதியினரைத் தமிழ்நாடு அரசு பி.சி. பட்டியலில் வைத்திருக்கிறது.

காரணம், 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை. இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினராக இருக்க முடியும் என்றது அது. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியேதான். இதற்குச் சொல்லப்படும் வாதம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான்: "கிறிஸ்தவத்துல சாதி கிடையாதே, அப்புறம் எதுக்கு எஸ்.சி. பட்டியல்?"

வேதத்தில் இல்லை, சரி. கட்டடத்தில் இருந்ததா?

கால்சட்டையை விரித்துப் போட்ட மாதிரி ஒரு கோயில்

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், கன்னியாகுமரி மாவட்ட எல்லையை ஒட்டி இருக்கிறது வடக்கன்குளம். தமிழ்நாட்டின் மிகப் பழைய கத்தோலிக்க ஊர்களில் ஒன்று. (கத்தோலிக்கர்கள் சர்ச் என்று சொல்வதைவிட கோயில் என்று சொல்வதுதான் அதிகம். நாமும் அப்படியே சொல்வோம்.)

இங்கே இரண்டு பெரிய சமூகங்கள். எண்ணிக்கையில் அதிகம் நாடார்கள். எண்ணிக்கையில் குறைவு, ஆனால் செல்வாக்கில் அதிகம் வேளாளர்கள். இரண்டு தரப்பும் கத்தோலிக்கர்கள், பூசை பார்ப்பதும் ஒரே சாமியாரிடம். ஆனால் ஒரே கூடத்தில் சேர்ந்து உட்கார வேளாளர்கள் சம்மதிக்கவில்லை. அந்தக் காலத்தில் நாடார்கள் கிட்டே வந்தாலே தீட்டு என்று வைத்திருந்தார்கள். மதம் மாறியவர்கள் அந்தத் தீட்டையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள்.

1872-ல் இயேசு சபைக் குருக்கள் இங்கே புதுக் கோயில் கட்டியபோது, இந்தச் சண்டைக்கு கொத்தனாரை வைத்துத் தீர்வு தேடினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். வழக்கமாக ஒரு கோயில் என்றால் நீளமான ஒரு கூடம், அதன் முனையில் பீடம். வாசலில் நுழைகிற எல்லோரும் ஒரே கூடத்தில் நின்று ஒரே திசையைப் பார்ப்பார்கள். வடக்கன்குளத்தில் கட்டியது இரண்டு கூடம். ஒரு கால்சட்டையைத் தரையில் விரித்துப் போட்டால் எப்படி இருக்கும்? இடுப்பு இருக்கும் இடத்தில் பீடம். இரண்டு கால்கள் இருக்கும் இடத்தில் இரண்டு கூடங்கள், ஒன்று வேளாளருக்கு, இன்னொன்று நாடாருக்கு. நடுவில் சுவர். 'கால்சட்டைக் கோயில்' என்றே இதைப் பற்றி எழுதியவர்கள் உண்டு.

இந்த வரைபடத்தின் சூட்சுமம், யாருக்கு எது தெரியும் என்பதில் இருக்கிறது. இரண்டு கூடத்தில் எங்கே நின்றாலும் பீடம் தெரியும், சாமியார் தெரிவார். அடுத்த கூடத்தில் இருப்பவர்கள் மட்டும் கண்ணில் பட மாட்டார்கள். ஒரே பூசையை இரண்டு சாதியும் ஒரே நேரத்தில், ஒருவரை ஒருவர் பார்க்காமலே பார்த்து முடித்துவிடலாம்.

சாமியார்கள் ஏன் ஒத்துக்கொண்டார்கள்? சமத்துவம் போதிக்க வந்தவர்கள்தானே என்று தோன்றும். கோயில் காரியங்களில் செல்வாக்கோடு இருந்த வேளாளர்களை விட்டுவிட அவர்களுக்கு மனமில்லை. நாடார்களை விட்டாலோ, பக்கத்து ஊர்களில் நாடார்களைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்துக்கொண்டிருந்த புராட்டஸ்டன்ட் மிஷன்கள் இருந்தன. இரண்டு பேரையும் இழக்காமல் இருக்க அவர்கள் கண்டுபிடித்த வழிதான் இந்தச் சுவர். இதை வெறும் சமரசம் என்று விட்டுவிட முடியவில்லை. வாயால் பேசி வந்த பாகுபாட்டை மாற்றிப் பேசலாம். சுண்ணாம்பும் செங்கலும் வைத்துக் கட்டிவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அதுதான் 'வழக்கம்'. பின்னால் கோர்ட்டில் வேளாளர்கள் கேட்டதும் அந்த வழக்கத்தைத்தான்.

1910: சுவர் விழுந்தது

38 வருஷம் கழித்து, 1910-ல் திருச்சி ஆயர் பார்த் காலத்தில் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. ஊரில் இருந்து அதை நடத்தியவர் கோசானல் என்ற பிரெஞ்சு சாமியார். வேளாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். மைக்கேல் பிள்ளை எதிர் பார்த் என்று சட்டப் புத்தகங்களில் இருக்கும் வழக்கு அது. சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், தோற்றார்கள். கோயிலுக்குள் தனி இடம் வேண்டும் என்பதைச் சாதியின் பெயரால் உரிமையாகக் கேட்க முடியாது என்று ஆனது.

இதே காலத்தில் வெளியே என்ன நடந்தது என்று பார்த்தால்தான் இந்தத் தீர்ப்பின் எடை தெரியும். 1897-ல் நாடார்கள் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நுழைந்தார்கள். அந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1908-ல் தீர்ப்பு நாடார்களுக்கு எதிராக வந்தது. நடுவில், 1899-ல் சிவகாசிக் கலவரம். ஆக, ஒரே சமூகம், ஒரே தீட்டு வாதம். கமுதியில் தோற்றவர்கள் வடக்கன்குளத்தில் ஜெயித்தார்கள்.

இந்த ஊருக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. 1745 மே 14 அன்று திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி நீலகண்டன் ஞானஸ்நானம் வாங்கி தேவசகாயம் ஆனது இதே வடக்கன்குளத்தில்தான். அப்போது இருந்தது பழைய கோயில். 1752-ல் அவர் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று வாடிகன் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது, பெயருக்குப் பின்னால் இருந்த 'பிள்ளை'யை எடுத்துவிட்டது. சாதிப் பெயர் புனிதருக்கு எதற்கு என்று இங்கிருந்து போன கோரிக்கைதான் காரணம். சுவர் விழுந்து 112 வருஷம் கழித்து பெயர் விழுந்தது.

திருவண்ணாமலைக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு

இதெல்லாம் தென்கோடியில் நடந்தது என்று நினைக்க வேண்டாம். திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளியைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். அந்த மிஷன் இந்தப் பக்கம் வந்ததே ஒரு சாதிச் சண்டையால்தான். தரங்கம்பாடி வட்டாரத்தில் லைப்சிக் லுத்தரன் மிஷனில் இருந்தவர் கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியர். சபைக்குள் சாதி வழக்கங்களை மிஷன் கண்டும் காணாமல் விடுகிறது என்று சண்டை போட்டு வெளியேறினார். 1860-களில் கடலூர் பக்கம் பட்டாம்பாக்கத்தில் தனியாகப் பணி தொடங்கினார். டென்மார்க் மிஷன் சங்கம் அவரோடு கைகோத்தது. அதன் தொடர்ச்சிதான் திருவண்ணாமலை டேனிஷ் மிஷனும் ஆற்காடு லுத்தரன் திருச்சபையும்.

தரங்கம்பாடியில் 1718-ல் கட்டிய புது எருசலேம் ஆலயம் இந்தியாவின் மிகப் பழைய புராட்டஸ்டன்ட் ஆலயங்களில் ஒன்று. சிலுவை வடிவக் கட்டடம். அங்கே சாதிக்கு ஒரு சுவர் எழவில்லை, ஆனால் சபையில் உட்காரும் இடம் சாதிவாரியாகத்தான் இருந்தது. 1833-ல் ஆங்கிலிகன் ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை உடனே விட்டொழிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூர், சென்னை சபைகளில் அதற்குப் பெரிய எதிர்ப்பு கிளம்பியது.

இப்போது எங்கே நிற்கிறது?

வடக்கன்குளம் சுவர் வேளாளருக்கும் நாடாருக்கும் நடுவே இருந்தது. பட்டியல் சாதிப் பிரச்சினைக்கு அதை நேரடி சாட்சியாக வைக்க முடியாது. அதற்கு வேறு இடங்கள் இருக்கின்றன. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் இறந்த பிறகும் பிரித்து வைத்த சுவர் பல வருஷமாகச் சர்ச்சையில் இருந்தது. கீழ்பென்னாத்தூரில் இருந்து திருக்கோவிலூர் வழியாக உளுந்தூர்பேட்டை பக்கம் போனால் எறையூர். அங்கே சவ ஊர்வலம் எந்தத் தெருவில் போவது, தலித் மக்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்ற பிரச்சினைகளில் 2008 மார்ச் 9 அன்று மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் தரப்பில் 2 பேர் இறந்தார்கள். மோதிக்கொண்ட இரண்டு தரப்பும் கத்தோலிக்கர்கள். 2016-ல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையில், சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. 2025 பிப்ரவரியில் கும்பகோணம் மறைமாவட்டம் கோட்டப்பாளையம் பங்கில் பாகுபாடு காட்டுவதாக தலித் கிறிஸ்தவர்கள் போட்ட மனுவில் உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது.

உச்ச நீதிமன்றம் 1985-ல் கேட்டது இந்த மாதிரி ஆதாரங்களைத்தான். சென்னையில் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவருக்கு, கிறிஸ்தவர் என்பதால் அரசு இலவசமாகக் கொடுத்த சாலையோரப் பெட்டிக்கடை மறுக்கப்பட்டது. சூசை வழக்கு என்று பெயர். மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதைக் காட்டப் போதுமான ஆதாரம் இல்லை என்று சொல்லி, மனுவைத் தள்ளுபடி செய்தது கோர்ட்.

அந்த ஆதாரத்தைத் திரட்டும் வேலை முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையிலான கமிஷனிடம் ஒப்படைக்கப்பட்டது. 2022 அக்டோபரில் மத்திய அரசு அமைத்தது. கொடுத்த நேரம் 2 வருஷம், பிறகு நீட்டித்தார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம், கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்களுக்கும் பட்டியல் சாதி உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டு டெல்லிக்கு அனுப்பியது. எதிர்த்தரப்புக்கும் ஒரு கவலை இருக்கிறது. இப்போது இருக்கும் ஒதுக்கீட்டிலேயே புதிதாக ஆட்கள் சேர்ந்தால் தங்கள் பங்கு குறையும் என்று இந்து தலித் அமைப்புகளில் சிலர் சொல்கிறார்கள். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லாமல் இந்த விவகாரம் முடியாது.

ஆணை மாறாதவரை, கீழ்பென்னாத்தூர் ஒன்றியத்தில் ஒரு ஊராட்சித் தலைவர் பதவி எஸ்.சி.க்கு ஒதுக்கப்பட்டால் அண்ணன் வேட்புமனு போடலாம். தம்பி அதை முன்மொழிந்து கையெழுத்துப் போடலாம்.