தங்கராசு பந்து வீசவில்லை

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு போன். "ஏனுங்க, அந்தக் கோயமுத்தூர் கிரிக்கெட் வெப்சைட் நடத்தறது நீங்கதானுங்களா? அந்த அஞ்சு விக்கெட் எம்பட பையன் எடுத்ததுங்க. நீங்க வேற பையன் கணக்குல போட்டிருக்கீங்க. செலக்‌ஷனுக்குப் போறப்ப நெட்ல தேடிப் பாப்பாங்களாமா."

கோவை கிங்ஸ் ரசிகனாக ஆரம்பித்த தளம் அது. பிறகு உள்ளூர் லீக் ஆட்டங்களையும் சேர்த்தேன். தரவு எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஓரிடத்திலிருந்து வருகிறது. போய்ப் பார்த்தால், ஒரே பெயரும் ஒரே இனிஷியலும் கொண்ட, வெவ்வேறு கிளப்பில் ஆடும் இரண்டு பையன்களை அங்கே கலந்து வைத்திருக்கிறார்கள். மூன்று மெயில் போட்டேன். மூன்று டிக்கெட் எண் வந்தது. என் தளத்தில் கையாலேயே திருத்தினேன். இரவு இரண்டு மணிக்கு ஓடும் ஸ்கிரிப்ட் பழைய தவறைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தது.

இந்தக் குளறுபடி பெரும்பாலும் பெயரில்தான் தொடங்குகிறது. அட்டவணைக்கு முதல் பெயர் ஒன்று, கடைசிப் பெயர் ஒன்று வேண்டும். நம் பெயர்கள் அந்தக் கட்டத்துக்குள் அடங்குவதில்லை. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜன் 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்திய அணிக்கு அறிமுகமானபோது உலகத் தளங்களில் அவர் 'தங்கராசு நடராஜன்'. தங்கராசு அவருடைய அப்பா. வாஷிங்டன் சுந்தரிலோ சுந்தர்தான் அப்பா. ஒருவருக்கு அப்பா முன்னால், இன்னொருவருக்குப் பின்னால். முதல் பெயரை எடு என்று நிரல் எழுதினால் தங்கராசு யார்க்கர் போடுவார். கடைசிப் பெயரை எடு என்றால் சுந்தர் ஆஃப் ஸ்பின் போடுவார்.

சரவணம்பட்டியில் கூட வேலை பார்க்கும் நண்பன் கேட்டான்: "ஓசியில வர்றதுல என்னடா குத்தம் பாக்கற?" எனக்குத்தான் ஓசி. அந்தப் பையனுக்கு அதன் விலை ஐந்து விக்கெட்.

கிரிக்கெட் கணக்கில் எப்போதுமே சிக்கல் உண்டு என்பார்கள். உண்மைதான். ஜாக் ஹாப்ஸ் முதல்தர ஆட்டங்களில் அடித்த சதங்கள் 197 என்கிறது விஸ்டன். 199 என்பவர்களும் இருக்கிறார்கள். 1930-31இல் விஜயநகரம் இளவரசரின் அணிக்காக அவர் இந்தியாவிலும் இலங்கையிலும் ஆடிய ஆட்டங்களை முதல்தரமாகக் கொள்வதா என்பதுதான் சண்டை. எந்த ஆட்டம், ஏன் என்று நம்மால் போய்ப் பார்க்க முடிகிறது. அது நேர்மையான சண்டை. என் தரவில் அதற்கு வழியே இல்லை. எண் இருக்கிறது, எழுதியவர் யார், எந்தப் புத்தகத்திலிருந்து என்பது இல்லை.

கிரிக்கெட்டின் மூன்றாவது விதி இரண்டு ஸ்கோரர்கள் வேண்டும் என்கிறது. இருவரும் அடிக்கடி ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். மனிதன் தப்பு செய்வான் என்று தெரிந்தே எழுதிய விதி. இன்று பல உள்ளூர் ஆட்டங்களில் பவுண்டரி ஓரம் ஒரே ஆள், ஒரே மொபைல். அவர் டீ குடிக்கும்போது மாற்று ஆட்டக்காரன் தட்டுகிறான். அந்தத் தட்டல் அன்று மாலையே 'தரவு' ஆகிவிடுகிறது, என்னைப் போன்றவர்கள் நகலெடுக்கிறோம், பத்து தளங்களில் இருப்பதால் உண்மையும் ஆகிவிடுகிறது.

என் கையும் சுத்தமில்லை. 2022இல் டி.என்.பி.எல். இறுதி ஆட்டம் இங்கே எஸ்.என்.ஆர். கல்லூரி மைதானத்தில் மழையால் நின்றது. கோவை கிங்ஸும் சேப்பாக் சூப்பர் கில்லீஸும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. என் அட்டவணையில் 'வெற்றியாளர்' கட்டம் ஒரு பெயரைத்தான் ஏற்கும். யார் பெயரைப் போட்டிருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு வருஷம் அப்படியே கிடந்தது.

எனவே கேட்பது இதுதான். லீக் நடத்துகிறவர்கள் ஸ்கோர் புத்தகத்தின் பக்கத்தைப் படம் எடுத்தாவது வெளியிடட்டும். தரவு விற்கிறவர்களும் இலவசமாகத் தருகிறவர்களும் எதை, எப்போது, ஏன் திருத்தினோம் என்று பட்டியல் வைக்கட்டும். ரசிகர் தளம் நடத்தும் நாமும் மூலம் காட்ட முடியாத எண்ணைப் போடாமல் இருப்போம். நான் அப்படிச் செய்ததில் என் தளம் பாதி காலியாகிவிட்டது. பரவாயில்லை.

அந்த அப்பா கிளப்பில் கேட்டு வாங்கி, ஸ்கோர் புத்தகத்தின் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஐந்து விக்கெட் அதில் இருக்கிறது, கீழே இரண்டு ஸ்கோரர்களின் கையெழுத்தும். ராத்திரி ஓடும் ஸ்கிரிப்டை அன்றே நிறுத்திவிட்டேன்.