ஆலய முன்றிலிலிருந்து அரங்கிற்கு

கூத்து ஊரின் சொத்து. மன்னார் மாவட்டத்துக் கத்தோலிக்கக் கூத்துகளைப் பொறுத்தவரை இது முழு உண்மை. கமக்காரரும் மீனவரும் அண்ணாவியாரிடம் மாதக்கணக்கில் பழகி, ஆலயத் திருவிழாவையொட்டி நேர்த்திக்கடனாக இரவு முழுவதும் ஆடுவன அவை. ஆடுவோர் எவரும் அதனால் வயிறு வளர்ப்பவர் அல்லர். இத்தகைய கூத்தொன்றைக் கண்டிக்குக் கொண்டுவருவது தகுமா? தகுமெனின், எவ்வாறு?

தகும் என்பதே என் துணிபு. கண்டி இக்கலைக்கு அந்நிய மண் அன்று. கரையோரங்களில் ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், அதற்குப் புகலிடம் தந்தது பௌத்த மன்னர் ஆண்ட கண்டி இராச்சியமே. 1692 இல் அங்குச் சென்ற யோசேப் வாஸ் அடிகளார் ஒற்றரென ஐயுறப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். பின்னர் மன்னரின் ஆதரவைப் பெற்று, 1711 இல் கண்டியிலேயே மறைந்தார். 1705 இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களம், தமிழ் இரண்டிலும் நூல்கள் செய்தார். தவக்காலத்தில் தமிழர் கேட்டு உருகும் வியாகுலப் பிரசங்கமும், சிங்களவரிடையே வழங்கும் பசன் பாடல்களும் அவர் பெயரோடு இணைந்தவை.

கண்டியை அடுத்த பேராதனையும் இக்கூத்துகளுக்குக் கடன்பட்டதன்று, கடன் கொடுத்தது. அங்குப் பணியாற்றிய பேராசிரியர் சு. வித்தியானந்தன் சைவர். அவரே 'என்றீக்கு எம்பரதோர்' (1964), 'மூவிராசாக்கள்' (1966), 'ஞானசவுந்தரி' (1967) ஆகிய மன்னார்க் கத்தோலிக்க நாடகங்களைப் பதிப்பித்தார். 1962 இல் மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்' கூத்தைச் சுருக்கி மேடையேற்றி, விடியும்வரை ஆடும் கலை நகர அரங்கிலும் நிற்கும் எனக் காட்டியவரும் அவரே.

ஆலய முன்றிலை விட்டகன்றால் கூத்தின் புனிதம் கெடும் என்பார் உளர். அவர்தம் அச்சத்தை எள்ளி நகையாடுதல் முறையன்று. ஊரில் விடியவிடிய ஆடும் கூத்து நின்றுபோய், நகருக்கென அமைத்த ஒன்றரை மணிநேரச் சுருக்கம் மட்டும் எஞ்சுமாயின், அப்பயணம் கலைக்குச் செய்த தொண்டாகாது. சுருக்கம் இரண்டாம் வடிவமாகவே இருத்தல் வேண்டும். அதனை அமைக்கும்போதும் அண்ணாவியார் அருகிருக்க வேண்டும். மன்னார்க் கூத்தின் உயிர் பாட்டிலே உள்ளது; மீண்டும் மீண்டும் வருவனவற்றைக் குறைக்கலாம், இராகத்தைக் குறைத்தலாகாது.

அழைப்போர்க்கும் கடமை உண்டு. மன்னாரிலிருந்து மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டி இருநூறு கிலோமீற்றருக்கும் அப்பாற்பட்டது. இருபது பேர் வந்து திரும்பினால், இருபது வீடுகளில் சில நாள் உழைப்பு இல்லை. பொன்னாடை அதற்கு ஈடாகாது. இழந்த நாட்கூலியை ஈடுசெய்தல் கலைக்கு விலை பேசுதல் அன்று, கலைஞனை மதித்தல். கதைச் சுருக்கத்தைச் சிங்களத்திலும் அச்சிட்டு வழங்குதல் வேண்டும். கொன்சால்வெஸ் அடிகளார் காட்டிய வழியும் அதுவே. காமன் கூத்து ஆடும் மலையகத் தோட்ட மக்களையும் அவ்வரங்கிற்கு அழைத்தல் வேண்டும். அவர்தம் ஆட்டத்தை மன்னாரார் காணவும் வழிசெய்தல் வேண்டும்.

மதம் பரப்பவோ பெருமை பேசவோ புறப்படும் பயணம் இரண்டாம் முறை நிகழாது. கொடுத்தும் கொண்டும் மீளும் பயணமே ஊரில் கூத்தை வாழவைக்கும். கண்டிப் பகுதி ஆசிரியர்களும் மாணவர்களும் இதனை முன்னின்று நடத்துவார்களாக.