ரோபோவுக்கு விளக்கு வேண்டுமா?



சுங்கை பட்டாணி பக்கம் ரோபோட்டிக் குழு நடத்தும் தமிழாசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். போட்டிக்குப் போகும் ரோபோவில் நிறம் மாறும் எல்இடி பட்டை ஒட்டியே ஆகவேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக் காலில் நிற்கிறார்களாம். விடலாமா, வீண் ஆடம்பரமா என்று கேட்கிறார்.

ஒட்டட்டும் ஐயா. ஆனால் வெறும் மினுக்கலுக்காக வேண்டாம், அந்த விளக்கு ஏதாவது சொல்லட்டும். அமெரிக்காவில் தொடங்கிய ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் போட்டியில் ஒவ்வொரு ரோபோவிலும் ஆரஞ்சு நிற விளக்கு கட்டாயம். ரோபோவை நிறுத்தி வைத்திருந்தால் அது சும்மா எரியும்; இயக்கத்துக்கு விட்டதும் விட்டுவிட்டு எரியும். கிட்டே கை வைக்கலாமா என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். நம் பிள்ளைகளும் தரையில் போட்ட கோட்டைப் பிடித்து ஓடினால் பச்சை, தவறவிட்டால் சிவப்பு, பேட்டரி இறங்கினால் மஞ்சள் என்று நிரலில் எழுதிக்கொள்ளலாம். ரோபோ பாதியில் நின்றால் காரணம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

மின்சாரத்தில்தான் கவனம் வேண்டும். 'டபிள்யூஎஸ்2812பி' என்று விற்கும் 5 வோல்ட் பட்டையில், ஒவ்வொரு 5 மில்லிமீட்டர் சதுரப் புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் அவற்றை ஆட்டிவைக்கும் குட்டிச் சில்லும் அடங்கியிருக்கின்றன. மூன்றும் முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஒரு புள்ளி சுமார் 60 மில்லி ஆம்பியர் இழுக்கும். 30 புள்ளிக்கு 1.8 ஆம்பியர்! இதைக் கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்தே எடுத்தால் பலகை திணறி, ஓட்டத்தின் நடுவே அணைந்து எழும். பட்டைக்குத் தனியாக 5 வோல்ட் கொடுங்கள். கிரவுண்ட் கம்பி மட்டும் இரண்டுக்கும் பொதுவாக இருக்கட்டும், இல்லாவிட்டால் நிறங்கள் கண்டபடி ஆடும். பட்டையில் அச்சிட்ட அம்புக்குறியையும் பாருங்கள். தலைகீழாக இணைத்தால் ஒரு புள்ளியும் எரியாது.

ரோபோவின் அடியில் ஒட்டத்தான் பிள்ளைகளுக்கு ஆசை. அங்கேதான் வம்பும். நிறம் பார்க்கும் சென்சர், தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை நம்பியே ஓடுகிறது. பக்கத்தில் நீலத்தைக் கொட்டினால் அதற்கு வெள்ளைத் தரையும் நீலம்தான். மேல்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள்.

நீலம் என்றதும் ஊர்ப்பெருமை கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். பிரகாசமான நீல எல்இடி வரும்வரை வெள்ளை எல்இடி விளக்கு கைகூடவில்லை. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அத்தகைய எல்இடி சில்லு செய்ய ஓஸ்ராம் நிறுவனம் 2017இல் ஆலை திறந்தது நம் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில். பாடாங் செராய், லூனாஸ் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்தப் பூங்காவுக்கு ஷிப்ட் வேலைக்குப் போய்வருகிறார்கள். உங்கள் பட்டை எந்த நாட்டுச் சரக்கோ, இதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள். "எங்கம்மா அங்கதான் சார் வேலை" என்று ஒரு குரல் வந்தாலும் வரும்.

ஒட்டுமுன் போட்டி விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள். லெகோ பாகங்களை மட்டுமே ஏற்கும் பிரிவுகளும் உண்டு. வேலை முடிந்ததும் ரோபோவின் படம் அனுப்புங்கள். எந்த நிறம் என்ன சொல்கிறது என்பதைப் பிள்ளைகளே கைப்பட எழுதட்டும். மாணவர் பக்கத்தில் இடம் போட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்