ஊசி போடுவது மட்டுமா நர்ஸ் வேலை?

மண்டகப்பட்டில் சர்க்கரை நோயால் காலில் புண் வந்த ஒரு பெரியவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் கட்டுப் போட்டு அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்த பிறகு?

டொரோத்தியா ஓரம் என்ற அமெரிக்க நர்ஸ் 1971-ல் வெளியிட்ட புத்தகம் இதைத்தான் பேசுகிறது. நோயாளி தானே செய்துகொள்ள முடியாததை நர்ஸ் செய்ய வேண்டும், முடிவதைக் கற்றுக்கொடுக்க வேண்டும். சுய பராமரிப்புக் கோட்பாடு என்பதன் சாரம் இவ்வளவுதான். மயங்கிக் கிடப்பவருக்கு எல்லாமே நர்ஸ்தான், அது வேறு.

நர்சிங் மாணவிகள் இதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறார்கள். (நைட்டிங்கேல் அம்மையாரும் விளக்கோடு நின்றுவிடுகிறார்!) ஆனால் இதை மனதில் வைத்த நர்ஸின் பேச்சே மாறிவிடும். "உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்க முடியுதா தாத்தா? முடியலைன்னா கண்ணாடியைக் கீழே வச்சுப் பாருங்க. செருப்பில்லாம கழனிக்குப் போகாதீங்க." சர்க்கரை நோயில் கால் மரத்துப்போனால் முள் குத்தினாலும் தெரியாது. விரலை எடுக்கும் வரை போவது பல நேரம் இப்படித்தான்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்தது. நல்ல விஷயம். அதோடு இந்த ஐந்து நிமிடப் பேச்சும் வேண்டும். ஒரு வார்டையே தனியாளாகப் பார்க்கும் நர்ஸிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. முதலில் ஆட்களைப் போடுங்கள்.