தினைப்புனத்தில் ஒரு வினா

குறிஞ்சித்திணைப் பாடல்களைப் பயிலும் மாணவர் தினைப்புனம், பரண், கிளி கடிதல் ஆகியவற்றை நன்கு மனங்கொண்டு தேர்வில் எழுதிவிடுகின்றனர். வல்வில் ஓரியின் வில்லாற்றலை வன்பரணர் பாடியதும் அவர்கள் அறிந்ததே. ஆனால், அந்த ஓரி ஆண்ட கொல்லிமலையில் இன்று தினை விளைகிறதா, எவ்வளவு விளைகிறது என்று கேட்டால் வகுப்பறை அமைதியாகிவிடும். அவ்வினாவிற்குப் பாடநூலில் விடை இல்லை. அதனாலேயே அது ஆய்வுக்குரிய வினாவாகிறது.

செயல்திட்டம் என்னும் பெயரில் பள்ளிகளில் ஒப்படைக்கப்படும் கோப்புகளுள் பல, ஆய்வு என்று சொல்லத் தகாதவை. இணையத்தில் கிடைத்த பத்திகள் அச்சிடப்பட்டு, வண்ண அட்டைக்குள் கட்டப்படுகின்றன; அட்டையின் அழகுக்கும் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. இதில் மாணவரைக் குறை கூறிப் பயனில்லை. விடை முன்பே தெரிந்த தலைப்பைக் கொடுத்தால், படியெடுப்பதைத் தவிர அவர் செய்வதற்கு என்ன இருக்கிறது?

நாமக்கல் மாவட்டத்தில், எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் செல்லும் கொல்லிமலையில், மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு முதலியவற்றைத் தலைமுறை தலைமுறையாக விளைவித்து வந்தனர். சாமையில் மட்டும் வெள்ளைப் பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை எனப் பல வகைகள் இருந்தன. கடந்த சில பத்தாண்டுகளில் அந்நிலங்களில் பெரும்பகுதி மரவள்ளிக்கு மாறியது. சமவெளியின் சவ்வரிசி ஆலைகள் கிழங்கைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டன. காரணம் பணம் மட்டுமே என்று இத்துடன் முடித்துவிடலாம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் அவ்வாறு முடித்துவிடவில்லை. மலைவாழ் பெண்களிடம் பேசியபோது, சிறுதானியத்தை உலக்கையால் குத்தி உமி நீக்கும் கடும் உழைப்பும் ஒரு காரணம் என்பது புலனாயிற்று. அதன்பின் ஊர்களில் உமி நீக்கும் சிறு எந்திரங்கள் நிறுவப்பட்டன. முற்றத்தில் கேட்கப்பட்ட வினா அந்த எந்திரம் வரை சென்றது.

மலையூர்ப் பள்ளியில் பயிலும் பதினொன்றாம் வகுப்பு மாணவி இத்தகைய ஆய்வைத் தம் வீட்டிலேயே தொடங்கலாம். பாட்டிக்கு எத்தனைச் சாமை வகைகளின் பெயர் தெரியும்? அவற்றுள் எத்தனை இன்று விதைக்கப்படுகின்றன? பத்து வீடுகளில் கேட்டால் விடைகள் முரண்படும். ஒருவர் மழையைச் சொல்வார்; ஒருவர் விலையைச் சொல்வார்; மற்றொருவர் உலக்கையைச் சொல்வார். எதை நம்புவது என்று திகைக்கும் அந்த இடத்தில்தான் வாசிப்பு தேவையாகிறது. வேளாண்மைத் துறையின் பயிர்ப்பரப்புக் கணக்கை அவர் தேடுவார். நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 1997இல். அதற்கு முந்தைய கணக்குகளைச் சேலம் மாவட்டத்தின் பெயரில் தேடவேண்டும் என்பதை அப்போது தாமே கண்டுகொள்வார். தேவை உணர்ந்து படித்த பக்கம் எளிதில் மறப்பதில்லை.

பொதுத்தேர்வை நோக்கி ஓடும் மாணவருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பர். நியாயமான கேள்விதான். பாடத்திற்கொரு கோப்பு என்னும் வழக்கத்தைக் குறைத்து, ஆண்டுக்கு ஒரே ஒரு வினாவை முழுமையாக ஆராயவிட்டால் நேரம் கிடைக்கும். பள்ளி மாணவரால் இயலுமா என்னும் ஐயத்திற்கும் இடமில்லை. 1993 முதல் நடைபெற்றுவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டிற்காக, மாணவர் குழுக்கள் தம் ஊரின் சிக்கல்களைத் தாய்மொழியிலேயே ஆராய்ந்து எழுதி வந்துள்ளன.

காலம் தாழ்த்த இயலாத காரணம் ஒன்று உண்டு. விதைக்கப்படாத சாமையின் பெயர் முதியவர் நினைவில் மட்டுமே வாழ்கிறது. அவருக்குப்பின் அதைக் கேட்டறிய ஆளில்லை. எனவே, மதிப்பெண் இட்டபின் பழைய தாள் கடைக்குச் செல்லும் கோப்புகளுள், இவ்வாறு வீடு வீடாகக் கேட்டு எழுதியவற்றையேனும் பள்ளி நூலகம் பதிவேட்டில் ஏற்றி வைக்கவேண்டும். அடுத்த ஆண்டு மாணவர் பதினோராவது வீட்டிலிருந்து தொடங்கலாம்.