மெதுவாக நடப்பவருக்கு ஏற்ற அறை

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், புலனத்தில் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். "பேங்காக்குக்கு டிக்கெட் போட்டாச்சு, எந்த ஹோட்டல் நல்லா இருக்கும்?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "யார் யார் போறீங்க?" நண்பர்கள் நான்கு பேர் என்றால் சொல்வதற்கு அதிகம் இல்லை. எங்கே படுக்க வைத்தாலும் தூங்கிவிடுவார்கள். அம்மா வருகிறார், பாட்டி வருகிறார், நான்கு வயதுப் பிள்ளையும் வருகிறது என்றால்தான் பேச்சு நீளும்.

குழுவில் யார் மிக மெதுவாக நடப்பாரோ அவருக்கு ஏற்ற ஹோட்டல். யாருக்குச் சாப்பாட்டில் கட்டுப்பாடு அதிகமோ அவருக்கு ஏற்ற கடை. என் கணக்கு அவ்வளவுதான். மற்றவர்கள் எப்படியும் சமாளித்துக்கொள்வார்கள். ஆனால் பல குடும்பங்களில் நடப்பது தலைகீழ். மொட்டை மாடி நீச்சல் குளத்தின் படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் அறையை முடிவு செய்கிறார்கள். அம்மா நான்கு நாளும் ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டு, "எனக்குப் பசிக்கலப்பா" என்கிறார். செலவு செய்து அழைத்துப் போனது அவருக்காகத்தான் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

முதலில் அறை. பேங்காக்கில் முதல்முறை போகும் நம்மவர்கள் அதிகம் தேடுவது சுக்கும்விட் சாலைப் பக்கம். அந்த நெடுஞ்சாலையிலிருந்து கிளை பிரியும் தெருக்களை 'சோய்' என்பார்கள். வடக்குப் பக்கம் ஒற்றைப்படை எண்கள், தெற்குப் பக்கம் இரட்டைப்படை. எதிரெதிரே எண்கள் ஒத்துப்போகும் என்று நினைத்துவிடாதீர்கள். சோய் 55க்கு எதிரே இருப்பது சோய் 38. சோய்களின் நீளமும் ஒரே மாதிரி இல்லை. தோங்லோ எனப்படும் அந்தச் சோய் 55, இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே போகிறது. 'தோங்லோ வட்டாரம்' என்று விளம்பரம் செய்யும் ஹோட்டல் அதன் மறுமுனையில் இருந்தால், ரயில் நிலையம் உங்களுக்கு எட்டாத தூரம். ஆகவே ஹோட்டலின் பெயரை விட வரைபடத்தில் அது சோய்க்குள் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்பதைப் பாருங்கள். வயதானவர் கூட இருந்தால் 300 மீட்டருக்கு மேல் நான் யோசிப்பேன். அங்குள்ள வெயிலில், மேடும் பள்ளமுமான நடைபாதையில், 300 மீட்டர் என்பது நம் பேரங்காடிக்குள் நடக்கும் 300 மீட்டர் அல்ல.

இன்னொன்று படிக்கட்டு. பேங்காக்கின் பி.டி.எஸ். ரயில் 1999 முதல் ஓடுகிறது. தண்டவாளம் சாலைக்கு மேலே, உயரத்தில். எல்லா வாயில்களிலும் மின்தூக்கி கிடையாது. ஹோட்டல் இருக்கும் பக்கம் படிக்கட்டு மட்டும் இருந்து, மின்தூக்கி சாலையின் மறுபுறம் இருந்தால், முட்டிவலிக்காரருக்கு ஒவ்வொரு நாளும் சோதனைதான். அறையைப் பதிவு செய்வதற்கு முன் ஹோட்டலுக்கு ஒரு செய்தி அனுப்பிக் கேட்கலாம்: "எந்த எண் வாயிலில் மின்தூக்கி இருக்கிறது? ரயில் நிலையத்துக்கு உங்கள் இலவச வண்டி உண்டா?" சோய்க்குள் தள்ளியிருக்கும் ஹோட்டல்கள் பலவும் நிலையம் வரை டுக்டுக்கோ வேனோ விடுகின்றன. ஆற்றங்கரை ஹோட்டல்கள் சில, சபான் தக்சின் நிலையத்தை ஒட்டிய சதோன் படகுத்துறைக்குத் தங்கள் படகையே அனுப்புகின்றன. அம்மாக்களுக்கு அந்தப் படகுப் பயணம் பிடிக்கும். தனியாகப் பணம் கொடுத்து ஆற்றில் சுற்ற வேண்டிய அவசியம்கூட இருக்காது.

பேங்காக்கின் இரவு வாழ்க்கை எங்கே நடக்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நானா நிலையத்துக்கு அருகே சோய் 4, அசோக் பக்கம் சோய் கௌபாய், சீலோம் சாலையில் பாட்போங். அவை ஆபத்தான இடங்கள் என்று சொல்லவில்லை. இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வழியாக அறைக்குத் திரும்ப வேண்டுமா என்பதுதான் கேள்வி. இரண்டு சோய் தள்ளிப் போனால் அதே சாலையில் அமைதியான தெருக்கள் இருக்கின்றன. ஹோட்டல் விதிமுறையில் 'அறைக்கு அழைத்து வரும் விருந்தினருக்குக் கட்டணம்' என்று இருந்தால், அது எந்த மாதிரி வாடிக்கையாளர்களை எதிர்பார்க்கும் இடம் என்பது புரிந்துவிடும்.

ஆறேழு பேர் போகும் குடும்பங்கள் அடுக்குமாடி வீடு ஒன்றை நாள் கணக்கில் எடுக்க விரும்புவது இயல்பு. சமையலறை இருக்கும், பாட்டிக்கு ரசம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் தாய்லாந்தில் மாதக் கணக்கில் இல்லாமல் நாள் கணக்கில் அறை விடுவதற்குப் பொதுவாக ஹோட்டல் உரிமம் தேவை. 2004ஆம் ஆண்டின் ஹோட்டல் சட்டம் அது. சாதாரண அடுக்குமாடி வீடுகளுக்கு அந்த உரிமம் இருப்பதில்லை. நுழைவாயிலிலேயே 'தினசரி வாடகைக்கு அனுமதி இல்லை' என்று பலகை வைத்திருக்கும் கட்டடங்கள் உண்டு. "யாராவது கேட்டால் நண்பர் என்று சொல்லுங்கள்" என்று வீட்டுக்காரர் செய்தி அனுப்பினால், அங்கேயே விட்டுவிடுங்கள். பெட்டியும் பிள்ளையுமாக நள்ளிரவில் காவலாளியோடு வாதாடுவதற்கா விடுமுறை? சமையலறைதான் வேண்டும் என்றால், முறையான உரிமத்தோடு நடக்கும் 'சர்வீஸ் அபார்ட்மென்ட்' பேங்காக்கில் நிறையவே உண்டு. சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம், இரண்டு படுக்கையறை எல்லாம் இருக்கும். இரண்டு ஹோட்டல் அறைகளின் வாடகையோடு ஒப்பிட்டால் சில வேளைகளில் மலிவாகவே வரும்.

விலையில் ஒரு சின்ன விஷயம். கட்டணத்துக்குப் பின்னால் '++' என்று இரண்டு கூட்டல் குறி இருந்தால், அதற்கு மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அந்த மொத்தத்தின் மேல் 7 விழுக்காடு வரி. 1,000 பாட் என்று பார்த்தது 1,177 பாட் ஆகிவிடும். ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகத்தின் பட்டியலிலும் இதே கூட்டல் குறிகளைக் காணலாம். சிறிய ஹோட்டல்கள் உள்ளே நுழைந்ததும் வைப்புத்தொகையை ரொக்கமாகக் கேட்பது உண்டு. கையில் கொஞ்சம் பாட் இருக்கட்டும்.

இனி சாப்பாடு. நம் வீடுகளில் சிக்கல் மூன்று வகை: சுத்த சைவம், மாட்டிறைச்சி வேண்டாம், பன்றி வேண்டாம். மூன்றுக்கும் தாய்லாந்தில் பதில் வேறு வேறு.

கஷ்டமானது சைவம். "காய்கறி மட்டும்" என்று சொன்னால் காய்கறி மட்டும்தான் வரும். அதன் மேல் மீன் சாறும் வரும். 'நாம் ப்லா' எனப்படும் மீன் சாறு அவர்களுக்கு நம் உப்பைப் போல. கீரை வதக்கலில் சிப்பிச் சாறு, பச்சைக் கறி விழுதில் இறால் பசை, பப்பாளிச் சாலட்டில் காய்ந்த இறால். யாரும் ஏமாற்றுவதில்லை, அதை அவர்கள் அசைவமாக நினைப்பதே இல்லை. ஆகவே சைவம் என்று விளக்கிக்கொண்டிருப்பதை விட ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டு போங்கள்: 'ஜே'. சீன பௌத்த மரபில் வந்த உணவு முறை. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லை. வெங்காயமும் பூண்டும்கூட இல்லை. நம் வீட்டு விரதச் சமையல் மாதிரிதான். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் அந்தச் சொல்லை எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். தாய் எழுத்து தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பார்வைக்கு '17' என்று எழுதியது போலவே இருக்கும். எங்கள் வீட்டில் தெருவில் நடக்கும்போது பிள்ளைகளின் வேலையே பதினேழைத் தேடுவதுதான்.

ஜே கடைகளில் பெரும்பாலும் தட்டு தட்டாகக் கறி வகைகள் வைத்திருப்பார்கள். சோற்றின் மேல் இரண்டு மூன்றைக் கையால் காட்டி வாங்கிக்கொள்ளலாம். மொழியே தேவையில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை, மாவால் செய்த போலி இறைச்சி. என் அம்மா ஒருமுறை தட்டைக் காட்டி, "இது வாத்து மாதிரியே இருக்கேப்பா?" என்றார். "கோதுமை மாவும்மா." "மாவுக்கு எதுக்குத் தோலு?" கடைசி வரை அதைத் தொடவில்லை. ஆனால் டோஃபுவும் காளானும் போட்ட குழம்பை இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். ஜே உணவில் தயிர் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது நாள் தயிர்ச்சோறு கேட்பவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். 7-இலெவனில் இனிப்புச் சேர்க்காத தயிர்க் கோப்பையைத் தேடி வாங்கி ஹோட்டல் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள்.

கடை ஜே அல்ல, ஆனால் சைவமாகச் செய்து தருகிறேன் என்றார்கள் என்றால் "மாய் சாய் நாம் ப்லா", அதாவது 'மீன் சாறு போடாதீர்கள்' என்று சொல்லலாம். மேசையில் இருக்கும் மிளகாய்க் கிண்ணத்தை மறந்துவிடாதீர்கள். பச்சை மிளகாய் மிதக்கும் அந்தத் தண்ணீரும் மீன் சாறுதான். சமையலறையில் கவனமாக இருந்துவிட்டு மேசையில் ஊற்றிக்கொள்பவர்கள் அதிகம்.

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களுக்குப் பாடு குறைவு. அங்கே கொத்திறைச்சி என்றால் பெரும்பாலும் பன்றிதான். குவான் யின் அம்மனை வணங்கும் தாய் சீனக் குடும்பங்களில் மாட்டிறைச்சியைத் தொடாதவர்கள் பலர். 'நுவா' என்றால் மாடு, 'மூ' என்றால் பன்றி, 'கை' என்றால் கோழி. மூன்று சொற்கள் போதும். 'படகு நூடல்ஸ்' என்று இளையர்கள் ஆசையாகத் தேடிப் போகும் கருமையான சூப்பில் இரத்தம் கலப்பது வழக்கம் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பன்றி வேண்டாம் என்று ஹலால் கடைக்குப் போகும் நம்மவர்கள், குறிப்பாக ஹட்யாயிலும் கிராபியிலும், அங்கே மாட்டிறைச்சி இருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். "கை" என்று சொல்லிக் கோழியை வாங்கிக்கொண்டால் இரண்டு பிரச்சினையும் தீர்ந்தது.

வேலைக்குப் போகும் இளையர்களுக்குச் சொல்வதானால், ஒரே பண்டத்தை விற்கும் கடைகளை நம்புங்கள். கண்ணாடிக்குள் கோழி தொங்கினால் கோழிச் சோறு மட்டும், வாத்து தொங்கினால் வாத்து மட்டும். ஆறு பக்கப் பட்டியலில் பீட்சாவும் டோம் யாமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் கடையை நான் தாண்டிப் போய்விடுவேன். தெருக்கடைப் பனிக்கட்டிக்குப் பயப்பட வேண்டாம். நடுவில் துளையுள்ள உருளை வடிவப் பனிக்கட்டி தொழிற்சாலையில் செய்தது. கடலுணவுக் கடையில் மட்டும் கவனம். விலைப்பலகையில் இருப்பது ஒரு 'கீட்' விலையாக இருக்கலாம். கீட் என்றால் 100 கிராம். 120 பாட் என்று பார்த்துவிட்டு ஒன்றரைக் கிலோ மீனைக் காட்டினால், பில் 1,800 பாட்.

எல்லாருக்கும் வெவ்வேறு சாப்பாடு, ஆனால் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்றால் பேரங்காடிகளின் உணவு வளாகம்தான் வழி. அசோக் நிலையத்தை ஒட்டிய டெர்மினல் 21இன் உணவு வளாகத்தில் விலை தெருக்கடை அளவுதான். அட்டையில் பணம் போட்டு வாங்கி, மீதியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். குளிர்சாதனம், கழிவறை, நாற்காலி. பாட்டிகளின் பார்வையில் இவை மூன்றும் ருசியை விட முக்கியம்.

நம் சாப்பாடுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்குச் சீலோம் சாலையில் மாரியம்மன் கோயில் பக்கம் அறை பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டிய கோயில். டாக்சிக்காரரிடம் "வாட் கேக்" என்று சொன்னால் போதும். சுற்றுவட்டாரத்தில் இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. சூரசாக் பி.டி.எஸ். நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். அம்மாக்களுக்கு டாக்சி நல்லது.

புரட்டாசியில் விடுப்புக் கிடைப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்கலாம். தாய்லாந்தின் ஜே விழா ஒன்பது நாள், செப்டம்பர் அல்லது அக்டோபரில் வரும். யாவராட் சீனர் தெருவிலும், புக்கெட்டிலும், ஹட்யாயிலும் அந்த நாள்களில் வழக்கமான கடைகளே மஞ்சள் கொடி கட்டி ஜே சமைக்கும். மழைக்காலம்தான், குடை எடுத்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளில் நவராத்திரியும் அதை ஒட்டியே வரும். நவராத்திரி முடிவில் சீலோமில் அம்மன் ஊர்வலம் வரும்போது சாலையை மூடிவிடுவார்கள். அன்று மாலை அந்தப் பக்கம் அறை எடுத்திருப்பவர்கள் டாக்சியை நம்பாமல், நான்கு மணிக்குள் பெட்டியோடு உள்ளே போய்விடுங்கள்.