நூறு யூனிட் கொடுத்து முப்பது யூனிட் வாங்கவா?

போன வாரம் ஊருக்கு வந்த சென்னைத் தம்பி ஒருத்தர், "அண்ணே, சோலார், காத்தாடி, ஹைட்ரஜன் மூணையும் சேர்த்துப் போட்டா உங்க ஊருக்கு வெளிக் கரண்டே வேண்டாம்"னு சொன்னார். கேட்க நல்லாத்தான் இருக்கு. கணக்குத்தான் உதைக்குது.

அவர் சொன்ன ஏற்பாடு இதுதான். பகல்ல மிஞ்சுற கரண்டை வெச்சுத் தண்ணியைப் பிரிச்சு ஹைட்ரஜன் எடுக்கணும். அதை அழுத்தித் தொட்டியில அடைக்கணும். ராத்திரி ஃபியூயல் செல்லுல விட்டா மறுபடி கரண்ட் வரும்.

ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல செலவாகும். அது திருப்பித் தர்றது சுமார் 16 யூனிட். மிச்சமெல்லாம் சூடாப் போயிடும். லித்தியம் பேட்டரியில 100 யூனிட் போட்டா 85 அளவுக்குத் திரும்பக் கிடைக்குது.

100 கிலோ நெல் அரைச்சா 65 கிலோ அரிசி வரும், தவிடும் உமியும் தனி. வெறும் 30 கிலோ அரிசியைக் கையில குடுத்து அனுப்புற மில்லுக்கு நீங்க போவீங்களா?

ஹைட்ரஜனே ஆகாதுன்னு நான் சொல்லலை. லடாக்கின் சுஷுல்ல, டீசல் ஜெனரேட்டருக்குப் பதிலா ராணுவத்துக்கு சோலார்-ஹைட்ரஜன் மின்சாரம் தர என்டிபிசி திட்டம் போட்டிருக்கு. பனியில டீசல் கொண்டுபோறதே பெரும்பாடான இடம். அங்கே அது நியாயம். வாசல்லயே மின்கம்பம் நிக்கிற எங்க ஊருக்கு எதுக்கு?

எந்த மெஷின் வாங்கலாம்னு தொடங்குறதுதான் தப்பு. எந்த வேலைக்கு, எந்த நேரத்துல கரண்ட் வேணும்னு முதல்ல பாருங்க. மோட்டாரைப் பகல்ல ஓட்டித் தொட்டியை நிரப்பிட்டா, அந்தத் தண்ணிதான் எங்க பேட்டரி. சித்திரையில வெயில், ஆடியில காத்து, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஈடுகட்டும். ராத்திரி விளக்குக்கும் ஃபேனுக்கும் சின்ன பேட்டரி போதும். அதுக்கு மேல வேணும்னா கம்பி இருக்கு. மோட்டார் புகைஞ்சா காயில் கட்ட இங்கே ஆள் இருக்கு. ஃபியூயல் செல் நின்னா யாரைக் கூப்பிடுறது?

ஹைட்ரஜன் எங்களுக்கு உதவுற வழி வேற. நாங்க போடுற யூரியாவுக்கு அம்மோனியா வேணும், அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் வேணும். இன்னிக்கு அது பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்துதான் வருது. 2023 ஜனவரியில பசுமை ஹைட்ரஜனுக்கு மத்திய அரசு 19,744 கோடி ரூபாய் ஒதுக்குச்சு. அந்த ஹைட்ரஜன் முதல்ல உரத் தொழிற்சாலைக்குப் போகட்டும். மறுபடி கரண்டாக்கி எங்க தெருவிளக்கை எரிக்க வேண்டாம் தம்பி.